அம்மா வீட்டு ஸ்டோர் ரூமும் என்னோட ரெண்டு மாசமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர ரொம்ப வருஷமா படிக்கிறேன், லெட்டர் எழுதறது இதான் மொத தடவ. பேச்சுத் தமிழ்லதான் எழுதறேன், எனக்கு அதான் வரும், கொஞ்சம் நீளமா போனாலும் பொறுத்துக்குங்க, கடைசியில உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்.

இப்ப எங்க பார்த்தாலும் வீட்ட காலி பண்ணுங்க, வேண்டாதத தூக்கிப் போடுங்க, மனசு லேசாகும்னு சொல்றாங்க. மனசு லேசாச்சோ என்னவோ, எனக்கு இடுப்பு போச்சு.

எங்கம்மாவுக்கு 82 வயசு. இங்க சிங்கப்பூர்ல, அங் மோ கியோவுல 7வது மாடியில ஒரு மூவறை வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தோட அடுக்குமாடி வீடு, 1986ல அப்பா வாங்குனது. அப்பா தவறி 9 வருஷமாச்சு. போன வருஷம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுக்கு அப்புறம் இனிமே தனியா இருக்க வேணாம்னு சொல்லி, வீட்ட வித்துட்டு எங்க கூட உட்லண்ட்ஸுக்கு வர்றதா முடிவாச்சு. விக்கறதுக்கான விண்ணப்பத்த வீவக ஏத்துக்கிட்டா அதுலேருந்து ஒரு 8 வாரத்துல சாவிய குடுத்துடணும், அதாவது ரெண்டே மாசம். சின்ன வீடுதான, ரெண்டு சனி ஞாயிறு போதும்னு நெனச்சேன். அம்மாவோட ஸ்டோர் ரூம் கதவ தொறந்தப்பதான் தெரிஞ்சுது.

1998க்கு அப்புறம் கட்டுன வீடுங்கள்ல இருக்கற பாம் ஷெல்டர் மாதிரி இரும்புக் கதவெல்லாம் கெடையாது, சாதா ஸ்டோர் ரூம்தான், ஆனா ஒரு குண்டு விழுந்தாலும் உள்ள போயிருக்காது, அவ்ளோ சாமான். எண்ணிப் பார்த்தேன், சும்மா சொல்லல. ஐஸ்கிரீம் டப்பா 41. மைலோ டின் 17. மூடி இல்லாத ஹார்லிக்ஸ் பாட்டில் ஒரு டஜன், அப்புறம் வேறொரு பையில மூடி மட்டும் ஒரு டஜன், ஒண்ணுக்கொண்ணு சேரல. முஸ்தபா கடை பிளாஸ்டிக் பைய முக்கோணமா மடிச்சு மடிச்சு ஒரு அரிசி மூட்டை நெறைய. தீபாவளி முறுக்கு போடற செவப்பு மூடி டப்பா. பித்தளை அண்டா ரெண்டு, இடியாப்ப அச்சு நாலு, எரியாத ஸ்டவ் ஒண்ணு. எவர்சில்வர் டம்ளர் மட்டும் 94.

அம்மாவ குத்தம் சொல்ல முடியாது. அவங்க செம்பவாங் நேவல் பேஸ் குவாட்டர்ஸ்ல வளந்தவங்க, தாத்தா டாக்யார்டுல வேலை, ஒரு பிஸ்கட் டின் காலியாச்சுன்னா அதுல யாரு என்னா போட்டு வைக்கறதுன்னு வீட்டுல சண்டை நடக்குமாம். 1971ல வெள்ளக்காரன் பேஸ விட்டுட்டுப் போறப்ப குவாட்டர்ஸ காலி பண்ணிக்கிட்டு வந்தாங்கல்ல, அப்ப பாதி சாமான அங்கயே போட்டுட்டு வந்தோம்னு இன்னிக்கும் சொல்லுவாங்க, எதெதுன்னு லிஸ்ட்டோட. அந்த மனுஷிகிட்ட போயி இந்த டப்பாவ தூக்கிப் போடலாமான்னு கேட்டா என்னா சொல்லுவாங்க.

எம்மவன் சொன்னான், பாட்டி, கண்ண மூடிக்கிட்டு தூக்கிப் போட்டா போச்சு. அம்மா கேட்டாங்க, போச்சுன்னா எங்கடா போச்சு?

அவன் சும்மா சிரிச்சான், ஆனா அது நல்ல கேள்வி. நம்ம ரப்பிஷ் ஷூட்ல போடறதெல்லாம் எரிக்கிற ஆலைக்குப் போவுது, எரிச்சா பத்துல ஒரு பங்கா சுருங்கிடும், அந்த சாம்பலயும் எரிக்க முடியாத சாமானையும் படகுல ஏத்தி புலாவ் செமாக்காவுக்கு கொண்டு போயி கொட்டறாங்க. 1999லேருந்து அதான் நமக்கு இருக்கற ஒரே குப்பை மேடு, 2035 வாக்குல அதுவும் நெறஞ்சிடும்னு தேசியச் சுற்றுப்புற வாரியமே சொல்லுது. ஆக அம்மாவோட 94 டம்ளரும் எங்கயும் போயிடாது, கடலுக்கு நடுவுல இன்னொரு ஸ்டோர் ரூமுக்குப் போவும், அவ்ளோதான். இத அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கு எங்கிட்டயே இருக்கட்டுமேன்னாங்க. சொல்லியிருக்கக் கூடாது.

மொத்தமா காலி பண்ணிக் குடுக்கற ஆளு ஒருத்தர வரச் சொன்னோம். வாசல்ல நின்னு ஒரு பார்வ பார்த்தாரு, லாரி ரெண்டு ட்ரிப், 800 வெள்ளின்னாரு, அதாவது 800 டாலர். அத விட அவரு சொன்ன இன்னொண்ணுதான் அம்மாவ உறுத்திச்சு, எல்லாம் ஒரே லாரிதான் மா, பிரிக்கறதெல்லாம் இல்ல. அவரு போனதும் அம்மா ஸ்டோர் ரூம் கதவ சாத்திட்டு சாவிய இடுப்புல சொருவிக்கிட்டாங்க. ஒரு வாரம் போச்சு அதுல.

ஒரு வருஷமா தொடாத சாமான வச்சிருக்காதன்னு ஒரு ரூல் சொல்றாங்க பாருங்க, அது நம்ம வீட்டுக்குச் சரிப்படுமா? பொங்கல் பானை வருஷத்துக்கு ஒரு தடவ. கார்த்திகை விளக்கு, கொலுப்படி, முறுக்கு ஒழக்கு, எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவ. சீர்த் தட்டு பத்து வருஷத்துக்கு ஒரு தடவ எடுத்தாலே அதிசயம், ஆனா அன்னிக்கு 21 தட்டு வேணும், இல்லாட்டி மானம் போவும். அந்த ரூல் எழுதுன ஆளு வீட்டுல வளைகாப்பு நடந்திருக்காது. நாங்க வேற மாதிரி செஞ்சோம். எடுத்து வச்சு, இது யாரு கைக்குப் போனா நீ நிம்மதியா இருப்பம்மான்னு கேட்டேன். வேணுமா வேணாமான்னு கேட்டா எல்லாத்துக்கும் வேணும்ங்கறாங்க, யாருக்குன்னு கேட்டா யோசிக்கறாங்க. சீர்த் தட்டு எங்க ஒண்ணுவிட்ட அக்கா வீட்டுக்குப் போச்சு, குடும்பத்துல யாருக்கு விசேஷம்னாலும் அங்கேருந்து எடுத்துக்கறதுன்னு பேச்சு. ஒரே செட் போதும்ல எல்லாருக்கும், இது ஏன் இத்தன வருஷமா தோணலன்னு தெரியல.

பழைய சாமான் வாங்கற கரங்குனி அங்கிள் வந்த நாளப் பத்தி எழுதியே ஆவணும். இப்பல்லாம் அந்த ஹாரன் சத்தம் எங்க புளோக் பக்கம் அபூர்வம், அம்மா புளோக்ல இன்னும் ஒருத்தர் வர்றாரு, சீன தாத்தா, அவருக்கே 70க்கு மேல இருக்கும். அம்மா ஜன்னல் கம்பி வழியா கைய நீட்டி கூப்பிட்டு, அவரு வந்து ட்ராலிய வாசல்ல நிறுத்திட்டு, ரெண்டு பேரும் மலாய்லயே பேரம். அம்மாவுக்கு சீனம் தெரியாது, அவருக்கு தமிழ் தெரியாது, பசார் மலாய் ரெண்டு பேருக்கும் தண்ணி பட்ட பாடு. சூராட் காபார், அதாவது பேப்பர் எவ்ளோ, பாஜு, அதாவது துணி எவ்ளோன்னு. தொங்குற தராசுல கட்டு கட்டா பேப்பர மாட்டி அவரு முள்ளக் காட்டறாரு, அம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டு முள்ளப் பாக்கறாங்க, நம்பறது வேற விஷயம். உங்க பேப்பரும் அதுல நெறைய இருந்துச்சு, கோவிச்சுக்காதீங்க. பேப்பர், பழைய துணி, ரெண்டு அலுமினிய சட்டி, மொத்தம் 6 வெள்ளி 40 காசு. எனக்கு லாரி ஆளு கேட்ட 800 ஞாபகம் வந்துச்சு. அம்மா அந்த 40 காச திருப்பி அவர்கிட்டயே குடுத்தாங்க, கோப்பி குடிக்க. கரங் குனில இருக்கற குனி நம்ம கோணிதான்னு அப்பா சொல்லுவாரு. அப்பாவுக்கு இந்த பழைய சாமான் உலகம் ரொம்ப பிடிக்கும், ஞாயித்துக்கிழம தேக்காவுல மீன் வாங்கிட்டு அப்படியே சுங்கை ரோடு சந்தைக்கு நடந்து போயி ஓடாத கடிகாரம் வாங்கிட்டு வருவாரு. அந்த சந்தைய 2017 ஜூலையில மூடிட்டாங்க. அது இருந்திருந்தா இந்த ஸ்டோர் ரூம்ல பாதி அங்க போயிருக்கும், அங்கேருந்து வந்ததுதான அதுல பாதி.

கரண்ட் சாமான் கொஞ்சம் குழப்பம். அம்மா வர்றாங்கன்னு நாங்க பெரிய ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்குனோம், டெலிவரிக்கு வந்தவங்களே எங்க பழைய ஃபிரிட்ஜ காசு வாங்காம எடுத்துட்டுப் போயிட்டாங்க, 2021 ஜூலைலேருந்து அதான் சட்டம், புதுசு வாங்கறப்ப அதே மாதிரி பழச இலவசமா எடுத்துக்கணும். ஆனா நாம வாயத் தொறந்து கேக்கணும். பழைய ஹேண்ட்ஃபோன், பேட்டரி, பல்புக்கெல்லாம் அங்கங்க மின்கழிவுப் பெட்டி இருக்கு. ரைஸ் குக்கர், கெட்டில், ஃபேன் எல்லாம் அந்தப் பெட்டிக்கான சாமான் கெடையாது, இது நெறைய பேருக்குத் தெரியாது, எனக்கும் பெட்டிக்கு முன்னாடி கெட்டிலோட நின்னு படிச்சப்பதான் தெரிஞ்சுது. கட்டில், அலமாரி மாதிரி பெரிய சாமானுக்கு நகர மன்றத்துக்கு ஃபோன் போட்டா வந்து எடுப்பாங்க, மாசத்துக்கு இத்தனதான்னு கணக்கு இருக்கு, மன்றத்துக்கு மன்றம் அது மாறும், கேட்டுக்கறது நல்லது.

ஊருக்கு அனுப்பிடலாம்னு அம்மா சொன்னாங்க. நம்ம எல்லார் வீட்டுலயும் இது ஒரு வழக்கம், வேண்டாதது எல்லாம் ஒரு பெரிய அட்டப் பெட்டியில போயி கார்கோவுல ஏறும். மன்னார்குடி பக்கம் இருக்கற சித்தி மகளுக்கு ஃபோன் போட்டேன். சுத்தி வளைக்காம சொல்லிட்டா, அக்கா, போன தடவ நீங்க அனுப்புன போர்வையே இன்னும் பரண்ல கெடக்கு, இங்க எல்லாமே கெடைக்குதுக்கா, கோடாலித் தைலமும் மைலோவும் மட்டும் அனுப்புங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. ஆனா அவ சொன்னதுதான் நெசம். நம்ம கண்ணுல ஊரு இன்னும் 1980லயே நிக்குது.

அதே மாதிரிதான் தானம் குடுக்கற விஷயமும். சால்வேஷன் ஆர்மி, மைண்ட்ஸ் மாதிரி இடங்கள்ல நல்ல நெலமயில இருக்கற சாமான வாங்கி வித்து அந்தக் காச நல்ல காரியத்துக்கு செலவு பண்றாங்க. ஆனா சீனப் புத்தாண்டு மாதிரி பண்டிகை நேரத்துல ராத்திரியோட ராத்திரியா கறை படிஞ்ச மெத்தையயும் ஒடஞ்ச நாற்காலியயும் வாசல்ல போட்டுட்டுப் போயிடறாங்க சில பேரு, அப்புறம் அத அள்ளிக் கொட்டறதுக்கு அவங்க கைக்காசு செலவு. மறுசுழற்சிக்கு வச்சிருக்கற நீலத் தொட்டி, அதுலயும் இதே கததான், உள்ள போறதுல நூத்துக்கு 40 பங்கு ஒண்ணுக்கும் ஆகாம போவுதாம், மீந்து போன சாப்பாடு, தலகாணி, ஷூவெல்லாம் அதுல போட்டா வேற எப்படி இருக்கும். எங்க புளோக்ல ஒரு அக்கா கிழிஞ்ச டீ ஷர்ட் மூட்டைய வெளிநாட்டுத் தம்பிங்களுக்குக் குடுக்கணும்னு எடுத்துக்கிட்டுப் போனாங்க. நான் கேட்டேன், அக்கா, இத உங்க வீட்டு மாப்பிள்ளைக்குக் குடுப்பீங்களா? ஒரு மாசம் எங்கிட்ட பேசல. பரவால்ல. வேலைக்கு வந்திருக்கற பிள்ளைங்களும் வீட்டுல வேலை பாக்கற பொண்ணுங்களும் நம்ம குப்பைத் தொட்டி இல்ல. நாமளே இனிமே உடுத்த மாட்டோம்னா அது துடைக்கற துணி, அடுப்பு துடைச்சிட்டு தூக்கிப் போடுங்க.

அப்புறம் காரிடார். யாராச்சும் எடுத்துக்குவாங்கன்னு லிஃப்ட் பக்கத்துல வைக்கறது. அம்மாவே ரெண்டு நாற்காலிய வச்சிட்டாங்க, எனக்குத் தெரியாம. 1.2 மீட்டர் வழி விடணும்னு குடிமைத் தற்காப்புப் படை சொல்றது சும்மா இல்ல, நெருப்பு பிடிச்சா 82 வயசு ஆளு எதுல தடுக்கி விழுவாங்க? அதே நாற்காலியிலதான். மறுபடியும் உள்ள தூக்கிட்டு வந்தேன். பொங்கல் பானை ரெண்டு வேற வெளிய மழத்தண்ணி பிடிச்சுக்கிட்டு கொசுவுக்கு வீடா இருந்துச்சு, அத சத்தமில்லாம கவுத்து வச்சேன்.

எல்லாத்துலயும் கஷ்டம் சாமி படம். கண்ணாடி ஃபிரேம் போட்டது 11, காலண்டர் படம் எத்தனையோ, 1980கள்லேருந்து. குப்பையில போட மனசு வராது. கோயில்ல விட்டுடலாம்னு கேட்டேன், வேணாம்மா, எங்களுக்கே எடமில்லன்னு பதமா சொன்னாங்க, அவங்களும் எத்தனயத்தான் வாங்கி வைப்பாங்க. மரத்தடியில வச்சிட்டு வந்துடறாங்க சில பேரு, மழையில பிள்ளையார் பாதி கரைஞ்சு நிக்கறதப் பார்க்கவே முடியல. கடல்ல விடலாம்னா அது குத்தம். கடைசியில அம்மாவே வழி சொன்னாங்க. சூடம் ஏத்தி கும்பிட்டுட்டு, ஃபிரேம்லேருந்து படத்த உருவி எடுத்து, ஒரு வாளி தண்ணியில மஞ்சள் கரைச்சு அதுல ஊற வச்சாங்க. வழவழப்பு பேப்பர் லேசுல கரையாது, மூணு நாள் ஆச்சு. மூணாம் நாள் அம்மா ஸ்டூல்ல உக்காந்து கையாலயே பிசைஞ்சாங்க, தோசை மாவு கரைக்கற மாதிரி, வாயில ஏதோ முணுமுணுத்துக்கிட்டே, லட்சுமியோட செவப்புப் பொடவ நிறம் தண்ணியில எறங்குச்சு. அந்தக் கூழ தொளசித் தொட்டி மண்ணுல கலந்துட்டோம். கண்ணாடிய கனமா பேப்பர் சுத்திப் போட்டோம். அம்மா அழல. நாந்தான்.

இப்ப அந்த 94 டம்ளர். கல்யாணத்துல, காதுகுத்துல, புதுமனை புகுவிழாவுல வந்தது, எல்லாத்துலயும் புள்ளி புள்ளியா பேரு வெட்டியிருக்கும். க.மு. குடும்பத்தார், 1974ன்னு ஒண்ணு. செகண்ட் ஹேண்ட் கடையில அடுத்தவன் பேரு போட்ட டம்ளர யாரு வாங்குவா. எம்மவன் படம் எடுத்து ஆன்லைன்ல போட்டான், இலவசம்னு. சாமான சும்மா குடுக்கறதுக்கு அங்க பேரே ப்ளெஸ்ஸிங்தான், யாரு வேணும்னாலும் கேக்கலாம். நாலு பேரு வர்றேன்னாங்க, மூணு பேரு வரல, அம்மா சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நாலாவதா வந்தது ஒரு சின்னப் பொண்ணு, திருச்சிலேருந்து வந்து ஆறு மாசந்தான் ஆச்சாம், அதுவும் புருஷனும் வாடகைக்கு ஒரு ரூம் எடுத்து தங்கியிருக்காங்க, குடிக்க வீட்டுல இருக்கறது மொத்தம் ரெண்டு கப். டம்ளர எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பார்த்து படிச்சுது. பாட்டி, இந்த க.மு. யாரு பாட்டி?

அவ்ளோதான். அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம் போச்சு. க.மு. யாரு, அவரு பொண்டாட்டி எப்படிப்பட்டவ, எங்கப்பாவுக்குத் தர வேண்டிய 20 வெள்ளிய குடுக்காமலே அவரு செத்துப் போனது வரைக்கும். பொண்ணு தரையில சம்மணம் போட்டு உக்காந்து கேட்டுச்சு. போறப்ப 12 டம்ளர், ஒரு அண்டா, இடியாப்ப அச்சு. அம்மா அதுக்கு மேல ஒரு ஐஸ்கிரீம் டப்பா நெறைய எலுமிச்ச ஊறுகாய் குடுத்து அனுப்புனாங்க. டப்பாவ திருப்பித் தர வேணாம்னு அம்மா வாயால சொன்னாங்க, நான் கூட இருந்து கேட்டேன், சாட்சி இருக்கு.

ஆசிரியர் அவர்களே, இதுக்குத்தான் எழுதறேன். எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு குடுக்க மனசில்லாம இல்ல, யாருக்குன்னு தெரியல, அதான் பூட்டி வச்சிருக்காங்க. அவங்களுக்கு ஆப் தெரியாது, ஆனா தெனமும் உங்க பேப்பர படிப்பாங்க. இன்னொரு பக்கம் புதுசா வந்து குடும்பம் நடத்துற பிள்ளைங்க தேக்காவுல இட்லி சட்டி என்னா வெலைன்னு பார்த்து தெகச்சு நிக்குதுங்க. வாரத்துல ஒரு நாள், ஞாயித்துக்கிழம ஆனாலும் சரி, ஒரு கால் பக்கம் ஒதுக்குங்களேன். என்ன சாமான், எந்த வட்டாரம், கீறல் ஒடசல் இருக்கா, அவ்ளோ போட்டா போதும். ஃபோன் நம்பர் பேப்பர்ல போட வேணாம், பயமாருக்கும், உங்க ஆபீஸ் வழியா தொடர்பு கொள்ற மாதிரி வச்சா நல்லது. ஒடசல ஒளிக்காம எழுதணும்ங்கறத மட்டும் கண்டிப்பா வைங்க.

மொத ஆளா நானே குடுக்கறேன். ஆட்டுக்கல் ஒண்ணு இருக்கு, குழவியோட. 1986ல லிஃப்ட் 5வது மாடியிலதான் நிக்கும், அங்கேருந்து 7க்கு அப்பாவும் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமாவும் சேர்ந்து படியில தூக்கிட்டு வந்தது. இப்ப உட்லண்ட்ஸ்ல எங்க வீட்டு அடுப்படி மூலையில இருக்கு, எல்லாரும் தெனம் ஒரு தடவ கால இடிச்சுக்கறோம். குழிக்குள்ள சுத்தமா இருக்கு, குழவியோட அடியில ஒரு சின்ன சில்லு பேந்திருக்கு, ஆட்டறதுக்கு ஒண்ணும் ஆகாது. லிஃப்ட் எங்க மாடியிலயே நிக்குது. ஆனா தூக்க ரெண்டு ஆளு வரணும், சாயந்தரம் வந்தா நல்லது, அம்மா மத்தியானம் தூங்குவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
உட்லண்ட்ஸ்